தொடக்கங்களைச் சேகரிக்கும் குழந்தை: மேதைச் சிறாரின் சலிப்பும் தகுந்த சவாலும்

பத்து வயதில் பல்கலைக்கழகப் பாடம், பன்னிரண்டு வயதில் செஸ் கிராண்ட்மாஸ்டர் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. செய்தியின் ஓரத்தில் ஒரு வரி இருக்கும்: "பள்ளிக்கூடம் போர் அடிக்கிறது என்கிறான்." அதைப் படித்ததும் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இன்னும் பெரிய பாடமாகக் கொடுங்கள் என்கிறது ஒரு கட்சி. பாவம் பிள்ளை, விளையாட விடுங்கள் என்கிறது இன்னொன்று. பிரச்சினை பாடத்தின் அளவுதான் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கூட்டுவதா குறைப்பதா என்பதுதான் சண்டை.

அளவைப் பற்றிய இந்த ஒப்புதலே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைக்காமல் போவது, தோற்றுப்போகக்கூடிய ஒரு வேலை. அதைப் புரிந்துகொள்ளச் சில சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மேதைக் குழந்தை என்று யாரைச் சொல்கிறோம்?

பேச்சு வழக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் மேதைகள்தான். ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

1. திறன்மிகு குழந்தை: வயதுக்கு மீறிய வேகத்தில், பொதுவாக எல்லாப் பாடங்களையும் கற்றுக்கொள்ளும் பிள்ளை.
2. மேதைக் குழந்தை: உளவியலாளர் டேவிட் ஹென்றி ஃபெல்ட்மன் பிரபலமாக்கிய வரையறைப்படி, ஏறத்தாழ பத்து வயதுக்குள், கடினமான ஒரு துறையில் தேர்ச்சி பெற்ற பெரியவரின் தரத்தில் செயல்படும் பிள்ளை.

இரண்டாவது வகை மிக அரிது. அதுவும் எல்லாத் துறையிலும் தோன்றுவதில்லை. இசை, கணிதம், செஸ் ஆகியவற்றில் அடிக்கடி கேள்விப்படுகிறோம். எட்டு வயது நாவலாசிரியரையோ எட்டு வயது நீதிபதியையோ பார்ப்பதில்லை. விதிகளுக்குள் முழுதாக அடங்கும் துறைகளில்தான் குழந்தை வேகமாக ஏற முடிகிறது. வாழ்க்கை அனுபவம் கேட்கும் துறைகள் வயதுக்காகக் காத்திருக்க வைக்கின்றன.

அடுத்தது ஐ.க்யூ., அதாவது அறிவுத்திறனைத் தேர்வு வைத்து அளக்கும் எண். இன்றைய தேர்வுகளில் சராசரி 100. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைச் சொல்லும் நியம விலகல் பெரும்பாலான தேர்வுகளில் 15. 130-ஐத் தாண்டுவோர் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். 145-ஐத் தாண்டுவோர் ஆயிரத்துக்கு ஒருவரை ஒட்டி. பழைய கதைகளில் 200, 250 என்று வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கினார்கள். ஐந்து வயதுப் பிள்ளை பத்து வயதுக்கான கேள்விகளுக்குப் பதில் சொன்னால் 200. இன்றைய அளவுகோலோடு அதை ஒப்பிடவே முடியாது.

தேர்வுகளுக்குக் கூரையும் உண்டு. ஒரு பிள்ளை கடைசிக் கேள்விவரை சரியாகச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தூரம் போகும் என்று அந்தத் தேர்வு சொல்லாது. எண் ஒரு வாசல்படி மட்டுமே என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கிய ஆய்வே சாட்சி. உயர்ந்த ஐ.க்யூ. கொண்ட சுமார் 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சோதித்துவிட்டு, மதிப்பெண் போதாது என்று விட்டுவிட்டவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். இருவருக்கும் பின்னாளில் இயற்பியல் நோபல் கிடைத்தது, 1956-லும் 1968-லும்.

சலிப்பு ஒன்றல்ல, மூன்று

திறமையும் வேலையின் கடினமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது மனிதர் வேலையில் மூழ்கிப்போகிறார் என்பது உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயின் புகழ்பெற்ற விளக்கம். கடினம் மிஞ்சினால் பதற்றம் வரும். திறமை மிஞ்சினால் சலிப்பு வரும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி இதையே கற்றலின் பக்கத்திலிருந்து சொன்னார். தனியே செய்ய முடிந்ததற்கும், துணையோடு செய்ய முடிவதற்கும் இடையில் ஒரு பட்டை இருக்கிறது. கற்பது அந்தப் பட்டைக்குள் நடக்கிறது. மேதைக் குழந்தைக்கு வகுப்பில் நடப்பது எல்லாமே அந்தப் பட்டைக்குக் கீழே கிடக்கிறது.

மிக உயர்ந்த ஐ.க்யூ. குழந்தைகளை நியூயார்க்கில் ஆராய்ந்த லீட்டா ஹாலிங்வொர்த், சாதாரண வகுப்பறையில் 140 அளவிலுள்ள பிள்ளைக்குப் பாதி நேரமும், 170-ஐத் தாண்டிய பிள்ளைக்கு ஏறக்குறைய முழு நேரமும் வீணாகிறது என்று கணித்தார். பாதி நாள் காத்திருக்கும் பிள்ளை அந்த நேரத்தில் எதையாவது கற்றுக்கொள்கிறது. பெரும்பாலும் அது கற்பது, கவனிக்காமல் இருப்பது எப்படி என்பதை.

ஆனால் "போர் அடிக்குது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு குறைகள் ஒளிந்திருக்கலாம்.

1. வேகக் குறை. பாடம் பிடித்திருக்கிறது, நகரும் வேகம் போதவில்லை. இதற்கு மருந்து, மேல் வகுப்புப் பாடம்.
2. ஆழக் குறை. பாடம் வேகமாகவே போகிறது, ஆனால் ஏன் என்ற கேள்விக்கு இடமில்லை. பின்னங்களை வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்கு என்றால் பிள்ளை செய்துவிடும். ஏன் தலைகீழாக்க வேண்டும் என்பதை யாரும் தொடமாட்டார்கள். மேல் வகுப்புக்கு அனுப்பினால் அங்கேயும் இதே கதை, கொஞ்சம் பெரிய எண்களோடு.
3. பொருட்குறை. வேகமும் ஆழமும் இருந்தும், இதைச் செய்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி. பெரியவர்களுக்குக் காதில் விழவே விழாத குறை இதுதான். ஏழு வயதில் யாருக்கும் இந்தக் கேள்வி வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் குறைக்கான மருந்தை மூன்றாவது குறைக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. டபுள் புரமோஷன் கிடைத்த பிள்ளை ஆறு மாதத்தில் மறுபடி அதே வாக்கியத்தைச் சொல்லும். உடனே "இதற்கு எதிலும் திருப்தியில்லை" என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. நெளிவது, ஜன்னலைப் பார்ப்பது, வீட்டுப்பாடத்தை முடிக்காமல் விடுவது ஆகியவை கவனக்குறைபாட்டின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். பிடித்த வேலையில் மணிக்கணக்கில் உட்காருகிறதே, அப்படியானால் வெறும் சலிப்புதான் என்று வீட்டிலேயே முடிவு செய்வது சரியல்ல. கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளும் பிடித்ததில் மூழ்குவார்கள். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம். அது நிபுணர் பார்க்க வேண்டிய விஷயம்.

ஏணி உள்ள துறையும் இல்லாத துறையும்

செஸ் ஆடும் பிள்ளை சலிப்பைப் பற்றிப் புகார் சொல்வது குறைவு. அந்த விளையாட்டுக்குள் ஒரு ஏணி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் சொல்லும் எலோ தரவரிசைக் கணக்குப்படி, எதிராளியைவிட 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் சராசரியாக ஆட்டத்துக்கு 0.76 புள்ளி எடுப்பார் (வெற்றிக்கு 1, சமனுக்கு அரை). 400 கூடுதலென்றால் 0.91. தன்னைவிட 400 குறைந்தவர்களோடு மட்டும் ஆடினால் கோப்பைகள் குவியும், ஆட்டம் வளராது. நூறு புள்ளி மேலே உள்ளவரைத் தேடிப் போனால் அடிக்கடி தோற்க வேண்டிவரும், ஒவ்வொரு தோல்வியிலும் காரணம் பலகையிலேயே கிடக்கும். 1958-ல் பாபி ஃபிஷர் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலக அதிசயம். 2021-ல் அந்தச் சாதனை 12 வயது 4 மாதத்துக்கு இறங்கிவிட்டது. குழந்தைகளின் மூளை மாறிவிடவில்லை. கணினியும் இணையமும் ஏணியின் படிகளை நெருக்கிவிட்டன.

பள்ளிக் கணக்கில் அந்த ஏணி இல்லை. இருப்பது வயதுவாரியாகப் பிரித்த அறைகள். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைக்கு மேலே எதுவும் தெரியாது. ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு இதைத்தான் உடைத்தது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காகப் பதினேழு, பதினெட்டு வயதினர் எழுதும் எஸ்.ஏ.டி. கணிதத் தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வகுப்புத் தேர்வில் எல்லோரும் ஒரே நூறில் முட்டிக்கொண்டு நின்றவர்கள், இங்கே 400-லிருந்து 700-க்கு மேல் வரை சிதறினார்கள். ஒரே மாதிரி மேதைகளாகத் தெரிந்தவர்களுக்குள் அவ்வளவு இடைவெளி இருந்தது. 13 வயதுக்குள் 800-க்கு 700 எடுப்பவர் பத்தாயிரத்தில் ஒருவர். அவருக்கும் நூறில் ஒருவருக்கும் ஒரே "சிறப்பு வகுப்பு" போதாது என்பது இந்தச் சிதறலிலேயே தெரிகிறது.

வகுப்பைத் தாண்ட வைப்பது உதவுமா?

உதவும், பலர் அஞ்சுவதைவிட அதிகமாகவே. ஆஸ்திரேலியாவில் ஐ.க்யூ. 160-க்கு மேற்பட்ட 60 குழந்தைகளை மிராக்கா கிராஸ் நீண்ட காலம் பின்தொடர்ந்தார். இரண்டு, மூன்று வகுப்புகள் தாண்டியவர்கள் படிப்பிலும் நட்பிலும் பொதுவாக நன்றாக இருந்தார்கள். வயதொத்தவர்களோடு இருக்கட்டும் என்று அதே வகுப்பில் வைத்துவிட்ட பலர்தான் தனிமைப்பட்டுப் போனார்கள். தோழமை என்பது பிறந்த தேதியால் மட்டும் வருவதில்லை போலும்.

ஆனால் எப்படித் தாண்டுவது என்பதில் இரண்டு வாழ்க்கைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் 1909-ல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார்; அடுத்த ஜனவரியில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றிக் கணிதச் சங்கத்தில் உரையாற்றினார். பத்திரிகைகள் மொய்த்தன. வளர்ந்தபின் சாதாரண எழுத்தர் வேலைகளில் ஒதுங்கி, டிராம் வண்டிகளின் மாற்றுச் சீட்டுகளைச் சேகரித்தார், அதைப்பற்றி 1926-ல் புனைபெயரில் ஒரு புத்தகமும் எழுதினார். 1944-ல் 46 வயதில் இறந்தார். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கணிதர் டெரன்ஸ் டாவ் எட்டு வயதில் உயர்நிலைப் பள்ளி, ஒன்பது வயதில் பல்கலைக்கழகக் கணிதப் பாடங்கள் என்று போனார். ஆனால் எல்லாப் பாடத்திலும் ஒரே தாவலாக அல்ல. கணிதம் ஒரு மட்டத்தில், மற்ற பாடங்கள் வேறு மட்டத்தில். முழுநேரப் பல்கலைக்கழகம் 14 வயதில்தான். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 1986-ல் வெண்கலம், 1987-ல் வெள்ளி, 1988-ல் தங்கம். 2006-ல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம்.

சைடிஸ் கருகிப்போன மேதை என்று எழுதுவது வழக்கம். அவருக்கு டிராம் சீட்டு உண்மையிலேயே பிடித்திருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவருக்கு நேர்ந்த கொடுமை வேறு: ஒவ்வொரு முயற்சியும் ஊர் பார்க்க நடந்தது. டாவ் ஆண்டுதோறும் தன்னைவிட மூத்த போட்டியாளர்களிடம் பின்தங்கி, மறுபடி வந்தார். வெண்கலம் வாங்க இடமிருந்தது.

எது தகுந்த சவால்?

மேற்சொன்னவற்றிலிருந்து சில அடையாளங்களைத் திரட்டலாம். எல்லாவற்றுக்கும் சம எடை இல்லை.

1. தோல்விக்கு இடமிருக்க வேண்டும். பத்தில் ஒன்பது முறை சரியாக வந்துவிடும் வேலை பயிற்சி, சவால் அல்ல. பத்தில் நான்கைந்து தடவை இடறினால் சரியான இடம்.

2. சரியா தவறா என்பது வேலைக்குள்ளேயே தெரிய வேண்டும். நிரல் ஓடவில்லை, நிரூபணத்தில் ஓட்டை, குதிரை வெட்டுப்பட்டது. பெரியவரின் பாராட்டு மட்டுமே அளவுகோலாக இருந்தால் பிள்ளை பாராட்டைத் தேடப் பழகிவிடும்.

3. வாசல் தாழ்வாகவும் கூரை உயரமாகவும் இருக்க வேண்டும். இதற்குச் சிறந்த உதாரணம் ராமானுஜன். பதினாறு வயதளவில் அவர் கையில் கிடைத்தது ஜி.எஸ்.கார் தொகுத்த ஒரு சூத்திரக் கோவை. சுமார் 5,000 முடிவுகள். நிரூபணங்கள் பெரும்பாலும் இல்லை, இருந்தால் ஒரு வரிக் குறிப்பு. நல்ல பாடநூல் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வரியும் "இது எப்படி வந்தது, கண்டுபிடி" என்று விட்டுவைத்த இடைவெளியாகவே அவருக்கு இருந்தது. எல்லாவற்றையும் விளக்கிவிடும் அழகான புத்தகம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. அதே புத்தகத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்வரை, தான் கண்டவற்றில் எது புதிது, எது பழையது என்று சொல்ல ஆளில்லாமல் இருந்தார். துணையில்லாத சவாலின் விலை அது.

4. காலம் நீள வேண்டும். பத்து வயதில் நூலகப் புத்தகம் ஒன்றில், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் நிரூபிக்காத ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் பார்த்தார் பின்னாளில் கணிதரான ஆண்ட்ரூ வைல்ஸ். கேள்வி பத்து வயதுக்குப் புரிந்தது. 1993-ல் நிரூபணத்தை அறிவித்தபோது அதில் பிழை; 1994-ல் சரிசெய்தபோது வயது 41.

5. யாருக்காவது அது தேவைப்பட வேண்டும். பொருட்குறைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. லூயி பிரெய்ல் பார்வையிழந்த மாணவர். இருட்டில் படிக்க சார்ல் பார்பியே உருவாக்கிய பன்னிரண்டு புள்ளி முறை விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதை ஆறு புள்ளியாகச் சுருக்கி 1824-ல், 15 வயதில், தன் முறையின் அடிப்படையை முடித்துவிட்டார். அவருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் படிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பை என்ற எண்ணின் ஆயிரம் இலக்கங்களை ஒப்பிப்பதும், உலகத் தலைநகரங்களை மூச்சுவிடாமல் சொல்வதும் இந்தப் பட்டியலில் ஒன்றோடும் ஒட்டாது. கேமராவுக்கு மட்டும் நன்றாக ஒட்டும்.

ஏன் நல்ல சவாலையும் பாதியில் விடுகிறார்கள்?

மாதம் ஒரு புதுப் பித்து பிடித்து, விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. ரூபிக் கனசதுரம், ஒரு புதிய மொழி, நிரல் எழுதுவது, கீபோர்டு. இதைச் சஞ்சல புத்தி என்று சொல்வது எளிது. உற்றுப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும்: எந்தத் திறமையிலும் முதல் பகுதி அந்தப் பிள்ளைக்கு எளிது, இன்பமானது. இடறும் இடம் வந்ததும் அடுத்த துறைக்குப் போனால் மறுபடி எளிய பகுதி கிடைக்கும். பிள்ளை தொடக்கங்களைச் சேகரிக்கிறது.

இடறலை ஏன் தாங்க முடியவில்லை? கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட சோதனைகளில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்த முறை எளிய வேலையைத் தேர்ந்தெடுக்கவும், ஒரு தோல்விக்குப் பின் சோர்ந்துபோகவும் அதிக வாய்ப்பிருந்தது. முயற்சியைப் பாராட்டியவர்களிடம் அது குறைவு. மேதை என்ற சொல்லையே பெயர்போலக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு கணக்கு வராமல் போவது வெறும் கணக்கு வராமல் போவதாக இருப்பதில்லை. டாவே இதற்கு விலக்கில்லை. பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது பொதுத் தகுதித் தேர்வுக்குச் சரியாகத் தயாராகாமல் போய், மயிரிழையில் தப்பியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதுவரை கடைசி நேரத் தயாரிப்பு அவரைக் கைவிட்டதில்லை. சிலருக்கு இந்த இடறல் பதினெட்டில் வருகிறது, சிலருக்கு இருபதில். ஏழில் வந்திருந்தால் காயம் சின்னது.

தீராத கணக்குகளைக் கொடுக்கலாமா?

உலகில் யாரும் தீர்க்காத கணக்கைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொலாட்ஸ் கணக்கு எட்டு வயதுக்கும் புரியும்: இரட்டை எண்ணானால் பாதியாக்கு, ஒற்றையானால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, எப்போதும் 1-ல் வந்து முடியுமா? கணினிகள் 2-இன் 68-ஆம் அடுக்கையும் தாண்டிச் சரிபார்த்துவிட்டன, நிரூபணம் இல்லை. ஒரு வாரம் விளையாட அருமையான கணக்கு. ஒரு வருடத்துக்கு ஆபத்தானது, ஏனென்றால் வாசலுக்கும் கூரைக்கும் நடுவில் ஏறிப்போகப் படிகள் மிகக் குறைவு. முன்னேறுகிறோமா என்றே தெரியாது.

பெரிய கேள்விக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கேள்வி மேல். அமெரிக்கப் பள்ளி மாணவர் டேனியல் லார்சனைப் பெரிதும் ஈர்த்தவை பகா எண்களுக்கு இடையிலான இடைவெளிகள். அங்கே உலகத்தின் முன்னணிக் கணிதர்களே முட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கார்மைக்கேல் எண்களுக்குத் திரும்பினார். அவை பகா எண்களைப் போல நடிக்கும் பகு எண்கள். மிகச் சிறியது 561, அதாவது 3 × 11 × 17. போதுமான அளவு பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் ஒரு கார்மைக்கேல் எண் இருந்தே தீரும் என்று 2021-ல், பள்ளிப் படிப்பு முடியும் முன்பே நிரூபித்துவிட்டார். பகா எண் இடைவெளிகளுக்காக கணிதர் ஜேம்ஸ் மேனார்டும் டாவும் தனித்தனியே உருவாக்கிய கருவிகள் அங்கே கைகொடுத்தன.

பெரியவருக்குப் பதில் தெரியாதபோது

பெற்றோர் பலரும் இங்கே கையைப் பிசைகிறார்கள். பிள்ளை கேட்பது நமக்கே புரியவில்லை, எப்படி உதவுவது? புரிய வேண்டிய கட்டாயமில்லை. கணிதம் தெரியாதவரும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

1. "முடிந்ததா?" என்பதற்குப் பதில் "எங்கே நின்றுபோனது?" என்று கேட்பது. நின்ற இடத்தைச் சொல்லப் பழகிய பிள்ளை, நிற்பதை அவமானமாக நினைப்பதில்லை.
2. எழுதி வைக்கச் சொல்வது. மனக்கணக்காகவே தாவும் பிள்ளைக்கு, அடுத்தவர் புரிந்துகொள்ளும்படி நிரூபணத்தை எழுதுவதே ஒரு புதிய சவால்.
3. அந்தத் துறையில் உண்மையாகவே இடறிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரைக் கண்டுபிடிப்பது. பாடம் நடத்த ஆள் எளிதில் கிடைப்பார். தனக்கும் தெரியாததைப் பிள்ளையின் முன்னால் யோசிப்பவர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் விடக் கூடாது.

வீட்டிலிருந்தே படித்து வளர்ந்த ஹன்னா கெய்ரோவுக்கு அப்படி ஒருவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிடைத்தார். பதின்ம வயதிலேயே அங்கே ஓர் ஆராய்ச்சி நிலை வகுப்பில் அவர் உட்கார்ந்திருந்தபோது, பேராசிரியர் ருய்ஷியாங் ஜாங் 1980-களிலிருந்து தீராமல் இருந்த மிசோஹாட்டா-டகேயுச்சி கருதுகோள் என்ற கணித ஊகத்தின் ஓர் எளிய வடிவத்தை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். கெய்ரோ வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டும் விடவில்லை. மாதக்கணக்கில் மோதினார், பேராசிரியரிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். நிரூபிக்க முயன்று முயன்று, எந்த இடத்தில் நிரூபணம் உடைகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவர், 2025 பிப்ரவரியில், 17 வயதில், ஓர் எதிர்உதாரணத்தை வெளியிட்டார். அத்தனை பேர் நிரூபிக்கப் பார்த்த அந்தக் கருதுகோள் தவறு.